நட்புக்கு வாரிசு உண்டா

1

நட்பைப்பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டு பேரைப்பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். மூன்றாவது ஆள் உள்ளே வந்துவிட்டால் என்ன ஆகிறது என்று யாரும் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது ஆள் என்று நான் சொல்வது காதலியை அல்ல, மனைவியையும் அல்ல. அவர்களைப்பற்றி நாவல்களும் சினிமாக்களும் தேவைக்குமேல் சொல்லியாகிவிட்டது. நான் சொல்வது குழந்தைகளை.

பள்ளிக்கூடம் மூடியதும் குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, பத்துப் பதினைந்து வருஷமாகப் பார்க்காத பழைய நண்பனைப் பார்க்கப் போவது இப்போது நம் மத்தியதர வாழ்க்கையில் சாதாரணமான ஒரு காரியம். மே மாதத்தில் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதற்குக் கோயில், குலதெய்வம், கொடைக்கானல் தவிர இதுவும் ஒரு காரணம். சாதாரணமான காரியம் என்பதாலேயே இதில் ஒரு தார்மிகப் பிரச்னை இருப்பது கண்ணில் படுவதில்லை. பிரச்னை இதுதான்: எனக்கும் என் நண்பனுக்கும் இடையில் இருப்பது நாங்கள் இருவரும் தேர்ந்துகொண்டது. குழந்தைகள் அதைத் தேரவில்லை. அவர்களை அதற்குள் கொண்டுபோய் நிறுத்த எனக்கு என்ன உரிமை? அப்படி நிறுத்தும்போது நட்புக்கு என்ன நேர்கிறது?

வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள் எழுதியிருக்கிறார். ஒன்றிலும் நண்பனின் குழந்தை கிடையாது. குழந்தைகளுக்கு அறத்துப்பாலில், இல்லறவியலில், தனியாக ஓர் அதிகாரம். நட்பு இருப்பதோ பொருட்பாலில். பால் வேறு என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கிற அன்பு ஒன்று, வெளியில் உலகத்தில் மனிதன் கட்டிக்கொள்கிற உறவு வேறொன்று. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்க்க அவர் முயலவில்லை. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் குறளுக்குப் போவதில் பயனில்லை. புறநானூற்றுக்குத்தான் போகவேண்டும்.

2

கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையைப் பார்க்காமலே வளர்ந்த நட்பு என்று சுருக்கி வைத்திருக்கிறோம். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் பழக்கம் தேவையில்லை, உணர்ச்சி ஒத்தால் போதும் என்பதற்கு இவர்களையே காட்டுகிறார். பாடப்புத்தகமும் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பாடல்களையும் அவற்றின் கொளுக்களையும் வரிசையாக வைத்துப் படித்தால் வேறொரு விஷயம் தட்டுப்படுகிறது. இந்தக் கதை முழுக்கக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

சோழன் வடக்கிருந்ததே பிள்ளைகளால். அவர்கள் அவனோடு போருக்கு வந்தார்கள். பெற்ற பிள்ளைகளோடு போர் செய்து ஜெயித்தால்தான் என்ன, தோற்றால்தான் என்ன என்று புல்லாற்றூர் எயிற்றியனார் சொன்னதற்குப் பிறகுதான் அவன் உயிரை விடத் தீர்மானிக்கிறான். உயிர் விடும் இடத்தில் பக்கத்து இடத்தை, அதுவரை கண்ணால் காணாத நண்பனுக்கு ஒதுக்கி வைக்கிறான். பிள்ளைகள் கைவிட்ட இடத்தில் நண்பன் வந்து உட்காருகிறான் என்று சொன்னால் மிகை இல்லை.

அந்த நண்பர் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்கிறார். வயதாகியும் தலை நரைக்காதது ஏன் என்ற கேள்விக்கு அவர் தரும் பதில் புகழ்பெற்றது. அதில் அவர் சொல்லும் காரணங்களில் முதலில் வருவது வீடு: நல்ல மனைவி, நிரம்பிய பிள்ளைகள். நிரம்பிய என்பதை அறிவு நிரம்பிய என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லில் இன்னொரு தொனியும் கேட்கிறது. அவர்கள் விஷயத்தில் இனி நான் செய்யவேண்டியது பாக்கி இல்லை, அதனால்தான் என்னால் வர முடிந்தது. பிள்ளைகளைப்பற்றிப் பேசுகிறார், ஆனால் அவர்களை அழைத்து வரவில்லை.

மூன்றாவது ஆள் பொத்தியார். அவரும் சோழனின் நண்பர், கூடவே உயிர் விட வந்தவர். அவர் மனைவி அப்போது கர்ப்பவதி. பிள்ளை பிறந்த பிறகு வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிடுகிறான். பிள்ளை பிறக்கிறது. பொத்தியார் திரும்பி வருகிறார். அதற்குள் சோழன் நடுகல் ஆகிவிட்டான். எனக்கான இடம் எங்கே என்று அந்தக் கல்லைப் பார்த்து அவர் கேட்கிற பாட்டில், சாகப்போகிறவன் நண்பனுக்கு இட்ட கட்டளையையும் அது பொத்தியாரின் நெஞ்சில் விட்ட காயத்தையும் சேர்த்தே கேட்கிறேன்.

இரண்டு பேரும் இரண்டு ஏற்பாடு. ஒருவர் பிள்ளைகள் ஆளான பிறகு போகிறார். இன்னொருவர் பிள்ளை பிறக்கும்வரை காத்திருக்கிறார். நண்பனும் குழந்தையும் ஒரு மனிதன்மேல் இரண்டு பாத்தியதைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் தீர்க்க முடியாது, ஒன்றுக்குப்பின் ஒன்றாகத்தான் தீர்க்கலாம் என்ற அனுமானம் இந்தப் பாடல்களுக்கு அடியில் இருக்கிறது. குழந்தையோடு நண்பனிடம் போவது என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை.

3

ஒரே ஒருவர் குழந்தைகளோடு பயணம் போகிறார். ஆனால் குழந்தைகள் அவருடையவை அல்ல, நண்பனுடையவை. நண்பன் இறந்துவிட்டான்.

கபிலர் பாரியின் பெண்களை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டுப் போனது புறநானூற்றில் தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் பறம்பு என்று கொண்டால், அங்கிருந்து பெண்ணையாற்றங்கரை வரைக்கும் அவர் போன பாதை தமிழ்நாட்டின் குறுக்கே ஒரு நீண்ட கோடு. வழியில் விச்சிக்கோனிடம் கேட்கிறார், அவன் ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் கேட்கிறார். துவரையிலிருந்து நாற்பத்தொன்பது தலைமுறையாக வந்த குலம் என்று அவன் பெருமையை எடுத்துச் சொல்லிக் கேட்கிறார். அவனும் மறுக்கிறான். கபிலர் கோபத்தோடு, உன் முன்னோன் ஒருவன் கழாத்தலையாரை இகழ்ந்ததால் அரையம் அழிந்த கதை தெரியுமா என்று கேட்டுவிட்டு வெளியேறுகிறார்.

இருங்கோவேளிடம் பாடிய பாட்டில் ஒரு இடம் என்னை நிறுத்தியது. இவர்கள் யார் என்று கேட்பாயானால் என்று ஆரம்பித்து, பாரியின் பெண்கள் என்கிறார். தான் இவர்களுடைய தகப்பனின் நண்பன் என்கிறார். அந்த மூச்சிலேயே, ஆகையால் இவர்கள் தன் பெண்கள் என்று முடித்துவிடுகிறார். நண்பன் என்ற உறவின் பலத்தில் ஒரு மன்னனிடம் பெண் கொடுக்கப் பேச முடியாது என்பது கபிலருக்குத் தெரியும். நண்பனைத் தகப்பனாக மாற்றினால்தான் அவை ஏற்கும். நட்பு உறவுமுறையாக மொழிபெயர்க்கப்படுகிறது. மொழிபெயர்த்தும் ஏற்பார் இல்லை என்பது வேறு விஷயம்.

இதை நாம் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறோம். பழைய நண்பன் வீட்டுக்குப் போகுமுன் குழந்தை முதலில் கேட்பது, அவரை எப்படிக் கூப்பிடவேண்டும் என்பதைத்தான். தமிழில் நண்பனின் பிள்ளை அவனை அழைக்க ஒரு சொல் கிடையாது. சித்தப்பா என்றால் அவன் என் தம்பி ஆகிவிடுகிறான். மாமா என்றால் என் மனைவியின் சகோதரன். நம் உறவுமுறையின் கணக்குப்படி மாமாவின் பெண் முறைப்பெண், சித்தப்பாவின் பெண் தங்கை. ஒரு சொல்லைத் தேர்ந்ததும் இரண்டு வீடுகளுக்கிடையே கொள்வினை கொடுப்பினை உண்டா இல்லையா என்பதையும் சொல்லிவிடுகிறோம். நண்பன் வேறு ஜாதி என்றால் இந்தச் சொல்லே பொய்யாகிவிடுகிறது. மாமா என்று கூப்பிடலாம், ஆனால் மாமா ஆக முடியாது என்பது சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லாக் குழந்தைகளும் அங்கிள் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவது ஆங்கில மோகத்தால் மட்டும் அல்ல. இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்க அந்தச் சொல் ஒரு சௌகரியம். அதற்கு ஜாதி தெரியாது, முறை தெரியாது. நட்பும் தெரியாது என்பதுதான் கஷ்டம்.

குடும்ப நண்பர் என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதை யோசிக்காமல் பாராட்டாகச் சொல்கிறோம். ஒருவன் என் குடும்ப நண்பன் ஆகிவிட்டான் என்றால், என் நண்பனாக அவன் வைத்திருந்த சில சலுகைகள் பறிபோய்விட்டன என்று அர்த்தம். என்னை அவன் இனி அந்தப் பழைய வார்த்தைகளில் திட்ட முடியாது. என் அபிப்பிராயத்தை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. வள்ளுவர் பழைமை என்ற அதிகாரத்தில் நட்பின் உரிமைகள் என்று எதையெல்லாம் சொல்கிறாரோ, அதாவது கேட்காமல் எடுத்துக்கொள்வது, மனம் நோகும்படி ஒன்றைச் செய்துவிட்டும் நண்பனாகவே நீடிப்பது, அதெல்லாம் குழந்தைகள் முன்னிலையில் செல்லாதவை.

4

இவ்வளவும் வெறும் படிப்பிலிருந்து வரவில்லை. போன மே மாதம் நானும் குழந்தைகளும் திருக்கோவிலூர் பக்கம் ஒரு நண்பனைப் பார்க்கப் போனோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு. விடிவதற்குமுன் மயிலாப்பூரில் கிளம்பி, அடையாறு கடந்து, தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விக்கிரவாண்டி என்று சுங்கச்சாவடிகளில் நின்று நின்று, விழுப்புரத்தில் மேற்கே திரும்பினால் சுமார் 200 கி.மீ. சாலையைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கத்திரி வெயிலில் எல்லாச் சாலையும் ஒரே சாலைதான்.

நண்பன் அங்கே பள்ளி ஆசிரியன். ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தோம். அவன் கவிதை எழுதிக்கொண்டிருந்தான். அவன் கொண்டுவந்த ஒரே தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரை எங்களுக்குள் மனஸ்தாபத்தை உண்டாக்கிற்று. அந்த மதிப்புரையில் இன்றும் ஒரு வரியைக்கூட நான் மாற்றமாட்டேன். அவனும் அதை ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு சென்னையை விட்டுப் போய்விட்டான், எழுதுவதையும் நிறுத்திவிட்டான். இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று அவன் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

அன்று பகல் முழுவதும் அவன் குழந்தைகளிடம் மிக நல்லவனாக இருந்தான். நுங்கு வாங்கிக் கொடுத்தான், தோட்டத்துக் கிணற்றைக் காட்டினான். நானும் அவனிடம் மிக நல்லவனாக இருந்தேன். சாப்பாட்டைப்பற்றியும், பள்ளிக்கூடங்களின் நிலைமைபற்றியும், 2019இல் பிரிந்துபோன கள்ளக்குறிச்சி மாவட்டம் அந்த ஊருக்கு என்ன செய்தது, செய்யவில்லை என்பதுபற்றியும் பேசினோம். இரவு குழந்தைகள் தூங்கியபிறகு மாடியில் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான்: “எதுக்குடா பிள்ளைங்களைக் கூட்டிகிட்டு வந்தே? தனியா வந்திருந்தா ஒழுங்கா ஒரு சண்டை போட்டிருக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. குழந்தைகளை நான் கேடயமாகக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது அவன் குற்றச்சாட்டு. அப்படி நினைத்துக்கொண்டு நான் கிளம்பவில்லை. ஆனால் ஒரு காரியத்தின் உள்நோக்கம் வேறு, அது செய்கிற வேலை வேறு. என் குழந்தைகள் அங்கே இருந்ததால் அந்தப் பகல் பண்பாக இருந்தது. எங்கள் இருவருக்கும் இடையில் உண்மையாக மிச்சமிருந்த ஒரே விஷயம், அந்த மதிப்புரை, வெளியே வரமுடியாமல் இருந்தது.

திருக்கோவிலூர் இந்தக் கேள்விக்கு ஏற்ற ஊர் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அங்கேதான் ஒரு மழை இரவில் முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் சந்தித்தார்கள் என்பது சம்பிரதாயம். பொய்கையார் காஞ்சியிலிருந்து, பூதத்தார் கடல்மல்லையிலிருந்து, பேயாழ்வார் எங்கள் மயிலாப்பூரிலிருந்து. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுள்ள இடம். நாலாவதாக ஒருவன் வந்து நெருக்கியபிறகுதான் அது யார் என்று தெரிகிறது, பாட்டும் பிறக்கிறது. பக்தர்களுக்கு அது இறைவனைப்பற்றிய கதை. எனக்கு அது இடத்தைப்பற்றிய கதையாகவும் படுகிறது. ஆள் சேரச்சேர ஒவ்வொருவரும் தன் சௌகரியமான நிலையை விடவேண்டியிருக்கிறது. படுத்தவன் உட்காருகிறான், உட்கார்ந்தவன் எழுந்து நிற்கிறான். இருவராக இருக்கும்போது நண்பர்கள் உட்கார்ந்து பேசலாம். குழந்தைகள் வந்துவிட்டால் எழுந்து நிற்கவேண்டும்.

5

நட்பைப்பற்றி மேற்கில் யோசித்தவர்களில் அரிஸ்டாடில் ஒருவர்தான் இந்த முடிச்சுக்கு மிக அருகில் வருகிறார். அவருடைய நிக்கோமாகியன் எதிக்ஸ் பத்துப் புத்தகங்களில் இரண்டை நட்புக்கே கொடுத்திருக்கிறார். தூரம் நட்பை ஒரேயடியாக அழித்துவிடாது, அதன் செயல்பாட்டைத்தான் நிறுத்திவைக்கிறது. ஆனால் பிரிவு மிக நீண்டுவிட்டால் நட்பே மறந்துபோகிறது என்கிறார். வங்கியில் வேலை செய்கிற எனக்கு இது பரிச்சயமான தர்க்கம். வாடிக்கையாளர் இரண்டு வருஷம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயல்படாத கணக்கு. பணம் அவருடையதுதான், ஆனால் சும்மா வந்து எடுத்துவிட முடியாது. நான் உயிரோடு இருக்கிறேன், நான்தான் அந்த ஆள் என்று நிரூபிக்கவேண்டும். பத்து வருஷம் யாரும் கேட்காவிட்டால் தொகை ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய ஒரு நிதிக்குப் போய்விடும். அப்போதும் கேட்டால் கிடைக்கும். பழைய நண்பனைப் பார்க்கப் போகிறவன் ஒரு விதத்தில் செயல்படாத கணக்கை உயிர்ப்பிக்கப் போகிறவன். நான்தான் அந்த ஆள் என்பதை நிரூபிப்பதுதான் கஷ்டம்.

அரிஸ்டாடிலின் இன்னொரு கருத்து இதைவிட முக்கியம். நண்பன் மற்றொரு நான் என்கிறார். இது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் கவனிக்கப்படாதது, அதே பகுதியில் பெற்றோர் குழந்தைகளை நேசிப்பதற்கும் அவர் கிட்டத்தட்ட அதே காரணத்தைச் சொல்கிறார் என்பது. குழந்தைகள் நம்மிலிருந்து பிரிந்து போனவர்கள், ஆகவே பிரிந்த மற்றொரு நான். அப்படியானால் ஒருவனுக்கு இரண்டு விதமான மற்றொரு நான் இருக்கிறது. ஒன்று அவன் தேர்ந்தது, மற்றது அவன் உண்டாக்கியது. நண்பன் நான் என்னவாக இருந்தேன் என்பதற்குச் சாட்சி. குழந்தை நான் என்னவாகப்போகிறேன் என்பதற்கு. இரண்டையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்தால் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அடையாளம் கண்டுகொள்வதில்லை. குழந்தைக்கு அவன் அப்பாவின் சிநேகிதர், கொஞ்சம் சலிப்பூட்டுகிற மனிதர். அவனுக்குக் குழந்தை, தன் நண்பனைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று.

நட்புக்கு வாரிசு உண்டா என்ற கேள்வியை இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். மறுபடியும் கவுண்டர் அனுபவம்தான் எனக்கு உதவுகிறது. வைப்புக் கணக்கு தொடங்குகிறவர் நாமினி படிவத்தைப் பூர்த்தி செய்கிறார். பெரும்பாலோர் நாமினிதான் வாரிசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதி உள்ளவர், அவ்வளவுதான். வாரிசுகளின் சார்பில் வாங்கி வைத்திருக்கிற தர்மகர்த்தா. சொத்து அவருடையதாகிவிடுவதில்லை. கபிலர் பாரியின் நாமினி. பாரியின் பெண்கள் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டவர்கள். அவர்களை என் பெண்கள் என்று அவர் சொன்னது அன்பினால் இருக்கலாம், ஆனால் அது உண்மை அல்ல. உரிய இடத்தில் சேர்ப்பிக்கும்வரை அவர் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பை அவர் நிறைவேற்றினார். ஆனால் பாரிக்கும் கபிலருக்கும் இடையில் இருந்தது அந்தப் பெண்களுக்குப் போய்ச்சேர்ந்ததா? இல்லை. போய்ச்சேர முடியாது. அது இரண்டு பேர் சேர்ந்து இயக்குகிற கணக்கு. அதற்கு நாமினி படிவமே கிடையாது.

நண்பர்களின் பிள்ளைகள் நண்பர்களாகவேண்டும் என்று ஆசைப்படுவதில் ஓர் அதிகாரம் ஒளிந்திருக்கிறது. சொத்தையும் ஜாதியையும் தருகிற மாதிரி நம் தேர்வையும் அவர்களுக்குத் தந்துவிடப் பார்க்கிறோம். நட்பில் மதிப்புள்ளது அது யாரும் தராதது என்பதுதான். ரத்தமும் ஊரும் ஜாதியும் கட்டாயப்படுத்தாமல் இரண்டு பேர் சேர்ந்தார்கள் என்பது. அதைப் பரம்பரைப் பொருளாக்கினால் அது இன்னொரு ரத்தபந்தம் ஆகிவிடும். நம் சமூகத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

ஆங்கிலம் படித்த குமாஸ்தாவுக்கு சார்லஸ் லாம் நினைவு வராமல் இருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருஷம் கணக்கு எழுதியவர். 1802 கோடையில் லீவு எடுத்துக்கொண்டு, தமக்கை மேரியோடு, பள்ளித்தோழன் கோல்ரிட்ஜைப் பார்க்க ஏரிப் பிரதேசத்துக்குப் போனார். அங்கே குழந்தைகள் கோல்ரிட்ஜுடையவை. லாம் கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர். இருபது வருஷம் கழித்து, 1822இல், இல்லாத குழந்தைகளுக்குத் தன் பழைய நாட்களைச் சொல்லுகிற ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளிடம் நாம் நம் கடந்தகாலத்தைச் சொல்லும்போது உண்மையில் யாரிடம் சொல்கிறோம் என்ற சந்தேகம் அதைப் படித்ததிலிருந்து எனக்கு உண்டு. என் குழந்தைகளை நண்பனிடம் அழைத்துப்போவதிலும் அந்த அம்சம் இருக்கிறது. ஒரு காலத்தில் நான் வேறாக இருந்தேன் என்பதை நம்புவதற்கு ஆள் தேவைப்படுகிறது.

6

இதையெல்லாம் வைத்துக் குழந்தைகளை அழைத்துப்போகக்கூடாது என்ற முடிவுக்கு வரலாம். நான் வரவில்லை. மறுநாள் காலை நடந்த ஒன்று அதற்குக் காரணம்.

நண்பன் எங்களைக் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கும், ஆற்றில் இருக்கிற கபிலர் குன்றுக்கும் அழைத்துப்போனான். கோடையில் பெண்ணை வெறும் மணல். பாறைமேல் சிறிய செங்கல் கோயில். அந்தப் பாறையைப்பற்றி வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது: பாரியின் பெண்ணை மலையருக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கல். புறநானூற்றுக் கொளு, பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறது. பாடல்களில் பெண்கள் இருவர், கல்வெட்டில் ஒரு பெண். அங்கவை, சங்கவை என்ற பெயர்களோ இரண்டிலும் இல்லை, பிற்காலத்துத் தனிப்பாடல் மரபு கொடுத்தவை. எதில் வேறுபட்டாலும் ஒன்றில் இரண்டும் ஒத்துப்போகின்றன. முதலில் பெண்கள், பிறகு நண்பன். பெண்களுக்கு ஒரு வழி செய்தபிறகுதான் கபிலர் மறுபடியும் பாரியின் நண்பன் ஆகமுடிந்தது.

குழந்தைகளுக்குக் கபிலரில் அக்கறை இல்லை. மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பாதித்தது வேறு. நண்பன் என்னை மேன்ஷன் நாட்களின் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இங்கே அதை எழுதும் உத்தேசம் இல்லை. பகல் முழுவதும் ஜாக்கிரதையாக இருந்தவன் முதல்நாள் இரவுச் சண்டைக்குப் பிறகு அதை மறந்துவிட்டிருந்தான். சண்டை நடந்தது, முடிவு ஏற்படவில்லை. அந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும் பெரியவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புதிது. அப்பாவை ஒருவர் டா போட்டு, கேலிப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அப்பா திரும்புகிறார். திரும்பி வரும் வழியில் செங்கல்பட்டுவரை இருவரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

குழந்தைகளுக்குக் கிடைப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நட்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. தகப்பன் யாரிடமோ தகப்பனாக இல்லை என்ற அறிவு கிடைக்கிறது. வீட்டில் அதிகாரமாக இருக்கிற ஒருவன் வேறோர் இடத்தில் சரிக்குச் சரியாக, திட்டு வாங்குகிறவனாக இருக்கிறான். உறவுமுறைகளால் மட்டுமே ஆன ஒரு சமூகத்தில் வளர்கிற குழந்தைக்கு, முறை இல்லாமலும் ஒரு மனிதன் இன்னொருவனோடு கட்டுப்பட்டு இருக்கமுடியும் என்று கண்ணால் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. அதற்கு நண்பன் நண்பனாகவே இருக்கவேண்டும். அவனை மாமாவாகவோ அங்கிளாகவோ மாற்றிவிட்டால் குழந்தைக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. எனவே நட்பின் நேர்மைக்காகவும் குழந்தையின் நன்மைக்காகவும் வேண்டியது ஒன்றேதான்: நண்பர்கள் தங்கள் சண்டையைப் போடுவதற்கு ஓர் இடம். சங்கப் பாடல்கள் வருஷக்கணக்கில் வைத்த வரிசையை நாம் ஓர் இரவுக்குள் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. குழந்தைகள் தூங்கவேண்டும், பிறகு பேசவேண்டும்.

கபிலரைப்பற்றி ஒரு வார்த்தை பாக்கி. நட்புக்கு உதாரணமாக அவரை வைத்திருக்கிறோம், சரிதான். வடக்கிருந்தபோது அவர் பாடிய பாட்டில் பாரியோடு பேசுகிறார். உன்னோடு வர என்னை விடாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் போனாயே, நான் உனக்கு ஏற்றவனாக இல்லையோ என்று கேட்கிறார். மறுபிறவியிலும் சேர்த்துவைக்கும்படி விதியை வேண்டுகிறார். அந்தப் பாட்டில் பெண்களைப்பற்றி ஒரு சொல் இல்லை. பறம்பு வீழ்ந்தபிறகு, போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் வைத்து அவர்கள் பாடிய ஒரே பாட்டுக்குப்பின் அவர்கள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அவ்வளவு தூரம் நடந்த வழியில் என்ன பேசினார்கள், மன்னர்கள் மறுத்தபோது எங்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதெல்லாம் பாடல்களுக்கு வேண்டியதாக இல்லை. அவர்களுக்கு ஒரு தகப்பன் போரில் போனான். தகப்பன் என்று சொல்லிக்கொண்ட இன்னொருவர் கடமை முடிந்ததும் போய்விட்டார். பாரியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கபிலர் செய்தது நட்பின் உச்சம். அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், தங்களை நண்பனின் மிச்சமாக மட்டும் நேசித்த ஒருவர் மிச்சத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நண்பனின் குழந்தையை நண்பனுக்காக நேசிப்பது சுலபம், அதைத்தான் எல்லோரும் செய்கிறோம். அந்தக் குழந்தைக்காகவே நேசிப்பதானால் அதை முதலிலிருந்து தொடங்கவேண்டும், அப்பாவின் கணக்கிலிருந்து எதையும் எடுக்காமல். என் நண்பன் சின்னவனுக்குச் சில நாட்களுக்குமுன் ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். எனக்கு எழுதவில்லை. அதை நான் பிரித்துப் படிக்கவில்லை.